பேட்மேன் தொடருக்கு எந்தக் காமிக்ஸ் எழுத்தாளர்களைக் கூப்பிடலாம்?

கேள்வியை ஒருமுறை என் வார்த்தைகளில் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். பேட்மேனை வைத்து நிஜ நடிகர்கள் நடிக்கும் டிவி தொடர், பத்து எபிசோட். அதை எழுத ஐந்து காமிக்ஸ் எழுத்தாளர்களைப் பொறுக்கும் அதிகாரம் உங்கள் கையில். உங்கள் பட்டியல்: ஃபிராங்க் மில்லர், ஆலன் மூர், கிராண்ட் மாரிசன், ஸ்காட் ஸ்னைடர், டாம் கிங். இதைவிட நல்ல டீம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். பார்க்க, யார் பெரிய எழுத்தாளர் என்ற கேள்வி போலத்தான் இருக்கிறது. எனக்கு அதன் அடியில் வேறு ஒன்று தெரிகிறது. தாளில் அசத்துகிற ஆளைக் கொண்டுபோய் டிவிக்கு எழுத உட்கார வைத்தால் அதே அசத்தல் வருமா? அதற்குப் பதில் சொன்னால் உங்கள் பட்டியலுக்கும் பதில் கிடைத்துவிடும்.

நான் பதினாறு வருடமாகச் சென்னையில் சீரியல்களுக்குத் திரைக்கதை, வசனம் எழுதுகிறேன், கொஞ்ச காலமாக வெப் சீரிஸும். காமிக்ஸ் பைத்தியம் அதற்கு வெகு முன்பே, முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவியில் பிடித்தது. பல எழுத்தாளர்கள் ஒன்றாக உட்கார்ந்து ஒரு தொடரை எழுதும் அறையை அமெரிக்காவில் ரைட்டர்ஸ் ரூம் என்கிறார்களே, அதற்குள் நான் கால் வைத்ததில்லை. அதனால் எழுத்து வேலையைப் பற்றி நான் சொல்வதை நம்பலாம். இன்னார் நன்றாக எழுதுவார், இன்னார் சொதப்புவார் என்று சொல்வதை என் ஊகமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

உறுதியான சங்கதியிலிருந்து ஆரம்பிக்கலாம். காமிக்ஸ்காரர்கள் பேட்மேன் டிவிக்கு எழுதுவது புதிதே அல்ல. பாப் கேனோடு சேர்ந்து 1939-ல் பேட்மேனை உருவாக்கிய பில் ஃபிங்கர், ஆடம் வெஸ்ட் நடித்த அந்தப் பழைய தொடருக்கே எழுதியிருக்கிறார். சார்லஸ் சின்க்ளேரோடு சேர்ந்து 1966-ல் எழுதிய இரண்டு பாகக் கதை அது. வில்லன் க்ளாக் கிங். பேட்மேனையும் ராபினையும் ராட்சத மணற்கடிகாரத்தின் அடிப்பாகத்தில் அடைத்து மேலிருந்து மணலைக் கொட்டுவான். தான் பிறப்பித்த ஹீரோவுக்கே ஏதோ வெளியாள் மாதிரி இரண்டு எபிசோட் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார் மனிதர். 1974-ல் இறந்தும் போனார். படைப்பாளர் வரிசையில் அவர் பெயரைச் சேர்க்க 2015 ஆகிவிட்டது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும், அது வேறு கதை.

அடுத்து 1992-ல் வந்த அனிமேஷன் தொடர். டென்னிஸ் ஓ'நீல், லென் வீன், ஜெர்ரி கான்வே என்று காமிக்ஸ் ஜாம்பவான்கள் பலர் அதற்கு எழுதினார்கள். ராஸ் அல் குல் என்ற வில்லனை உருவாக்கியவர்களில் ஒருவரான ஓ'நீலே அவன் கதையை டிவிக்கும் எழுதிக் கொடுத்தார். எல்லாம் நல்ல எபிசோடுகள்தான். ஆனால் அந்தத் தொடர் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது பால் டினி எழுதிய 'ஹார்ட் ஆஃப் ஐஸ்'. மிஸ்டர் ஃப்ரீஸ் அதுவரை பனித்துப்பாக்கியோடு சுற்றும் ஒரு சில்லறை வில்லன். டினி அவனுக்கு நோயாளி மனைவி ஒருத்தியைக் கொடுத்தார், கையில் ஒரு கண்ணாடி உருண்டையைக் கொடுத்தார். உள்ளே சின்ன நடனப்பெண் பொம்மை, குலுக்கினால் பனி விழும். 22 நிமிடத்தில் ஆளே மாறிவிட்டான். பிறகு காமிக்ஸ் உலகமும் அந்த மனைவியை அப்படியே எடுத்துக்கொண்டது. இதில் ஒன்றைக் கவனியுங்கள். டினி காமிக்ஸிலிருந்து டிவிக்குப் போனவர் கிடையாது. டிவி அனிமேஷனில் தொழில் பழகிவிட்டுக் காமிக்ஸுக்குப் போனவர். ஹார்லி குவின்னும் அவர் புரூஸ் டிம்மோடு சேர்ந்து டிவிக்காகவே உருவாக்கிய பாத்திரம்தான்.

இப்போது உங்கள் பட்டியல். ஆலன் மூர் வரமாட்டார், அதோடு முடிந்தது. தன் கதைகளிலிருந்து எடுத்த படங்களில் தன் பெயரையே போடாதீர்கள் என்று சொன்னவர் அவர். ஒரு பேச்சுக்கு வருகிறார் என்றே வைத்துக்கொண்டாலும் எனக்குத் தயக்கம் உண்டு. அவருடைய 'வாட்ச்மென்' காமிக்ஸின் ஐந்தாவது இதழை எடுத்துப் பாருங்கள். முதல் பக்கத்தில் படக்கட்டங்கள் அமைந்த விதம் கடைசிப் பக்கத்தில் கண்ணாடி பிம்பமாக இருக்கும். இரண்டாம் பக்கத்துக்குக் கடைசிக்கு முந்திய பக்கம் ஜோடி. இப்படியே உள்ளே நகர்ந்து நடுப்பக்கத்தில் சந்திக்கும். வாசகன் பக்கத்தைத் திருப்பி ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது என்பதை நம்பிச் செய்த வேலை இது. டிவியில் காட்சி ஓடிக்கொண்டே இருக்கும். யாரும் ரிமோட்டை வைத்து முன்னும் பின்னும் ஓட்டி ரசிக்கப் போவதில்லை.

ஸ்காட் ஸ்னைடர் விஷயமும் கிட்டத்தட்ட இதுதான். அவருடைய 'கோர்ட் ஆஃப் ஆவ்ல்ஸ்' கதையில் ஐந்தாவது இதழ் நினைவிருக்கிறதா? பூமிக்கடியில் ஒரு பளிங்குச் சிக்கல்வழிக்குள் பேட்மேன் மாட்டிக்கொண்டு புத்தி பேதலித்துப்போவான். அவன் தடுமாறத் தடுமாறப் பக்கமும் சாயும். முதலில் புத்தகத்தைப் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும், அப்புறம் தலைகீழாக. நான் முதன்முறை படித்தபோது அச்சுப் பிழை என்றே நினைத்தேன். எந்தப் பக்கம் திருப்புவது என்று புரியாமல் கையில் சுற்றிக்கொண்டிருந்த ஒரு கட்டத்தில்தான் உறைத்தது, வழி தொலைந்து நிற்பது பேட்மேன் மட்டுமல்ல, நானும்தான். படத்தில் கேமராவைச் சாய்த்தால் சாய்ந்த கேமரா தெரியும், அவ்வளவே. அந்த மிரட்டலில் பாதிக்கு மேல் ஓவியர் கிரெக் கபுல்லோவுடையது. ஸ்னைடரை மட்டும் தனியே கழற்றிக் கொண்டுவந்தால் அந்த இதழில் எவ்வளவு நம்மோடு வரும்? உண்மையாகவே எனக்குச் சந்தேகம்.

ரசிகர்கள் போடும் கனவுப் பட்டியல்களில் நான் எப்போதும் பார்க்கும் ஓட்டை இது. எழுத்தாளர் பெயர் இருக்கும், ஓவியர் பெயர் இருக்காது. நாம் 'நல்ல எழுத்து' என்று கொண்டாடுவதில் கணிசமான பங்கு ஓவியரின் திரைக்கதை. ஸ்டான் லீ காலத்து மார்வெலில் இது வெளிப்படையாகவே நடந்தது. கதைச் சுருக்கத்தை லீ சொல்வார், ஜாக் கிர்பி போன்றவர்கள் முழு இதழையும் வரைந்து தருவார்கள், அதற்குப் பிறகுதான் வசனம் ஏறும். எந்தக் காட்சி எவ்வளவு நேரம், யார் முகத்தில் நிறுத்துவது, எங்கே வெட்டுவது எல்லாம் ஓவியர் முடிவு. எங்கள் ஊரில் அதற்கு இயக்குநர், எடிட்டர் என்று இரண்டு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறோம்.

மாரிசனுக்குத் திரை அனுபவம் உண்டு. தன்னுடைய 'ஹாப்பி!' கதையைத் தொடராக்கியபோது பிரையன் டெய்லரோடு சேர்ந்து வேலை பார்த்தார். ஆனால் அவருடைய பேட்மேனின் ருசியே பழைய பரணைக் கிளறுவதில் இருக்கிறது. 1958-ல் வந்து மறந்துபோன ஒரு கோமாளித்தனமான கதையிலிருந்து ஸுர்-என்-ஆர் என்ற வண்ணச்சட்டை பேட்மேனைத் தோண்டி எடுத்து, அதுதான் பேட்மேனாக வேடமிடும் புரூஸ் வேனின் மாற்று மனநிலை என்று ஒரு போடு போடுவார். பழசைப் படித்தவனுக்கு அது விருந்து. சமையலறையில் ஒரு காதை வைத்துக்கொண்டு டிவி பார்க்கிறவருக்கு? ஆலோசகராக வைத்துக்கொள்ளலாம், வாரம் ஒருநாள் வந்து எல்லோரையும் குழப்பிவிட்டுப் போகட்டும். அறைக்கு அதுவும் தேவைதான்.

மில்லரில் 'இயர் ஒன்' மட்டும் எழுதிய மில்லர் கிடைத்தால் இன்றே கையெழுத்துப் போடுவேன். டேவிட் மாட்சுகெல்லி வரைந்த, 1987-ல் நான்கே இதழில் முடிந்த அந்தக் கதை ஏறக்குறைய டிவி எழுத்துதான். தேதி போட்டு நகரும் சின்னச் சின்னக் காட்சிகள், பாதிக் கதை கார்டன் என்ற போலீஸ்காரனுடையது, அவன் வீட்டில் கர்ப்பிணி மனைவி, ஆபீசில் லஞ்சம் வாங்கும் சகாக்கள். ஆனால் அதே மில்லர் 2008-ல் 'தி ஸ்பிரிட்' படத்தைத் தனியாக எழுதி இயக்கியபோது என்ன ஆனது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். தாளில் கட்டத்துக்குள் ஒரே வரியாக நின்று மிரட்டிய வசனத்தை நடிகர் வாய்விட்டுச் சொன்னபோது தியேட்டரில் சிரிப்பு வந்தது. காமிக்ஸ் வசனத்தைப் படிக்கும்போது குரல் நம்முடையது. நமக்குப் பிடித்த மாதிரி நாமே பேசிக்கொள்கிறோம். டாம் கிங் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கிரீன் லாண்டர்ன் தொடரை கிறிஸ் மண்டி, டேமன் லிண்டலாஃப் இருவரோடு சேர்ந்து உருவாக்கியவர். வேலை தெரிந்தவர், இருக்கட்டும்.

சரி, தாளுக்கும் திரைக்கும் அப்படி என்னதான் வித்தியாசம்? முதலில் காசு. காமிக்ஸில் கிரகத்தையே விழுங்கும் அசுரன் வருவதற்கும் இரண்டு பேர் டீ குடிப்பதற்கும் ஒரே செலவு, ஓவியரின் இடுப்புவலி மட்டும் கூடும். பல வருடம் முன்னால் ஒரு சீரியலுக்குத் தேர்த்திருவிழாவில் அக்காவும் தங்கையும் சந்திப்பதாக எழுதிக் கொடுத்தேன். புரொடக்‌ஷன் மேனேஜர் சீன் பேப்பரைப் படித்துவிட்டு, "தம்பி, தேர் யாரு வீட்டுல இருக்கு?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். ராத்திரியோடு ராத்திரியாக மாற்றினேன். தேர் தெருவில் போகிறது, மேளச் சத்தம் மட்டும் கேட்கிறது. அடுப்படியில் அக்கா, தோசைக் கரண்டியைக் கையில் வைத்தபடி வாசலைப் பார்க்கிறாள். செருப்புச் சத்தம். தங்கை என்று தெரிகிறது, அக்கா திரும்பவில்லை. கரிந்த தோசை. நான் எழுதியதில் இன்றும் ஆட்கள் நினைவு வைத்துக் கேட்கிற காட்சி அது, நியாயமாகப் பார்த்தால் பாதிப் பெருமை அந்த மேனேஜருக்குத்தான். டிவிக்கு ஆள் எடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான். தேரைப் பிடுங்கிக்கொண்டால் இவர் அழுவாரா, அடுப்படிக்குப் போவாரா?

இரண்டாவது, அறை. காமிக்ஸ் எழுத்தாளர் பெரும்பாலும் தனியாள். எடிட்டர் ஒருவர், ஓவியர் ஒருவர், மாதம் இருபது பக்கம், பக்கத்துக்கு ஐந்தாறு கட்டம். தொடர் அறையில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து கதையை உடைப்பார்கள். உங்கள் பெயரில் வரும் எபிசோடைத் தலைமை எழுத்தாளர் கடைசியில் தன் கையால் மாற்றி எழுதுவார். எங்கள் டிஸ்கஷனிலும் அப்படித்தான், நான் எழுதிய வசனத்தில் பாதி ஒளிபரப்பாகும்போது எனக்கே புதிதாக இருக்கும். இருபது வருடம் தனி ராஜ்ஜியம் நடத்தியவருக்கு இது தாங்குமா என்பது திறமை சம்பந்தப்பட்ட கேள்வி அல்ல, சுபாவம் சம்பந்தப்பட்டது. வெளியிலிருந்து சுபாவத்தைக் கணிப்பது கஷ்டம். அதனால்தான் மேலே ஊகம் என்று சொன்னேன்.

தன் கதையைத் தானே உடைக்கத் துணிந்தவர்களுக்கு ஒரு நல்ல உதாரணம் ராபர்ட் கிர்க்மன். அவருடைய 'இன்வின்சிபிள்' காமிக்ஸில், ஊரே கும்பிடும் ஆம்னி-மேன் சக ஹீரோக்களைக் கொன்று போடுவது ஏழாவது இதழில்தான் நடக்கும். 2021-ல் வந்த அனிமேஷன் தொடரில் அதை முதல் எபிசோடின் கடைசிக்கே இழுத்துவிட்டார்கள். அதுவும் எல்லாம் முடிந்தது என்று நாம் எழப்போகிற நேரத்தில். காமிக்ஸில் அது திடுக்கிடும் திருப்பம். தொடரில் அதற்குப் பிறகு மகன் அப்பாவோடு சாப்பிட உட்காரும் ஒவ்வொரு காட்சியும் நமக்கு வயிற்றைக் கலக்குகிறது, ஏனென்றால் நமக்குத் தெரியும், பையனுக்குத் தெரியாது. ஒரு சம்பவத்தை முன்னால் நகர்த்தியதற்குக் கிட்டத்தட்ட ஒரு சீசன் முழுக்கப் பதைப்பு இலாபம். விசுவாசமாக எடுக்க வேண்டும் என்று ரசிகர்கள் போராடியிருந்தால் இது நடந்திருக்காது.

அதற்காகப் படைப்பாளருக்கு டிவி தெரிந்திருந்தால் போதும் என்றும் சொல்ல முடியாது. பிரையன் கே. வான் 'லாஸ்ட்' தொடரில் மூன்றாவது சீசனிலிருந்து எழுதிப் பழகியவர், பிறகு 'அண்டர் தி டோம்' தொடரையும் உருவாக்கிக் கொடுத்தார். ஆனால் அவருடைய காமிக்ஸான 'ஒய்', 'பேப்பர் கேர்ல்ஸ்' இரண்டும் வேறு கைகளில் தொடராகி ஒரே சீசனில் நின்றன. இவற்றில் எழுத்தின் குறை எவ்வளவு, வியாபாரக் கணக்கு எவ்வளவு என்று யாராவது உறுதியாகச் சொன்னால் நம்பாதீர்கள். தொடர் நிறுத்தப்படுவதற்கும் கதை நன்றாக இருப்பதற்கும் பல நேரம் சம்பந்தமே இருக்காது, இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

இனி என் தேர்வு. 2003 முதல் 2006 வரை நாற்பது இதழ்கள் வந்த 'கோதம் சென்ட்ரல்' படித்திருக்கிறீர்களா? எட் ப்ரூபேக்கர், கிரெக் ருக்கா இருவரும் எழுதியது. மைக்கேல் லார்க் ஓவியம். பேட்மேன் இருக்கும் கோதம் என்ற ஊரில் சாதாரண டிடெக்டிவாக வேலை பார்ப்பது எவ்வளவு அவமானம் என்பதுதான் கதை. முதல் கதையிலேயே மிஸ்டர் ஃப்ரீஸ் ஒரு போலீஸ்காரனைக் கொன்றுவிடுவான். செத்தவனின் கூட்டாளிக்குப் பொழுது சாய்வதற்குள் தாங்களே அவனைப் பிடித்துவிட வேண்டும் என்று வெறி, ஏனென்றால் இருட்டினால் அந்த ஆள் வந்துவிடுவான். இதைவிட நல்ல கடிகாரம் ஒரு திரைக்கதைக்கு என்ன வேண்டும்? சூப்பர் ஹீரோ கதையில் சூப்பர் ஹீரோ வராமல் இருப்பதற்காக எல்லோரும் ஓடுகிறார்கள். எழுதிய முறையும் கவனிக்க வேண்டியது. ஸ்டேஷனின் பகல், இரவு ஷிஃப்ட்டுகளை இரண்டு எழுத்தாளர்களும் ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொண்டார்கள், பெரிய கதைகளைச் சேர்ந்து எழுதினார்கள். அவர்கள் அறியாமலே ஒரு குட்டி ரைட்டர்ஸ் ரூம் நடத்தியிருக்கிறார்கள். அதில் ரெனே மொன்டோயா என்ற டிடெக்டிவைப் பற்றி ருக்கா எழுதிய கதை 2004-ல் காமிக்ஸுக்கான ஐஸ்னர் விருது வாங்கியது. மொன்டோயாவும் அந்த 1992 அனிமேஷன் தொடருக்காக உருவான பாத்திரம்தான். டிவிக்கும் தாளுக்கும் நடுவில் கொடுக்கல் வாங்கல் இரண்டு பக்கமும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

ப்ரூபேக்கர் பின்னாளில் 'வெஸ்ட்வேர்ல்ட்' முதல் சீசனில் எழுதினார். 2024-ல் வந்த 'பேட்மேன்: கேப்டு க்ரூசேடர்' அனிமேஷனுக்குத் தலைமை எழுத்தாளராக இருந்தார், ருக்காவும் அதில் எழுதினார். ஆகவே இவர்கள் இருவரும் பரிசோதனை அல்ல, வேலை பார்த்துக் காட்டியவர்கள். காமிக்ஸ்காரர்கள் ஏன் டிவிக்கு ஓடுகிறார்கள் என்பதற்கும் ப்ரூபேக்கரே சாட்சி. கேப்டன் அமெரிக்கா கதைகளில் வரும் வின்டர் சோல்ஜர் என்ற பாத்திரத்தை உருவாக்கியதற்குக் கிடைத்ததைவிட, அந்தப் பாத்திரத்தின் பெயரில் வந்த படத்தில் ஒரு துக்கடா வேடத்தில் தலைகாட்டியதற்கு நடிகர் சங்க விதிப்படி வந்த பணம் அதிகம் என்று அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார்.

மூன்றாவது நாற்காலி பால் டினிக்கு, காரணம் மேலே சொல்லிவிட்டேன். நான்காவது ராம் வி. மும்பைக்காரர், இப்போது லண்டன்வாசி, 2022-லிருந்து இரண்டு வருடம் 'டிடெக்டிவ் காமிக்ஸ்' எழுதியவர். கோதமை ஒரு இசை நாடகம் மாதிரி மெதுவாக, இருட்டாக எழுதினார். இது மட்டும் முழுக்க என் சூதாட்டம். அவர் மொழி அடர்த்தியானது, மில்லருக்கு நடந்தது அவருக்கும் நடக்கலாம். ஆனால் மூன்று கைதேர்ந்த கதைக்காரர்களோடு ஒரு கவிஞன் இருந்தால் அறை வறண்டுபோகாது. டாம் கிங்தான் வேண்டும் என்று நீங்கள் நின்றால் இந்த இடத்தை விட்டுக்கொடுக்கிறேன்.

ஐந்தாவது நாற்காலியில் எழுத்தாளர் வேண்டாம், மைக்கேல் லார்க்கை உட்கார வைக்கிறேன். மற்ற நால்வரும் பேசிக்கொண்டே இருக்கும்போது அவர் ஓரமாக வரைந்துகொண்டிருக்கட்டும். இரண்டு பக்க வசனத்தை அவர் ஒரே படத்தில் காட்டிவிட்டால் அந்த வசனத்தை வெட்டிவிடலாம். இந்த ஐந்து பேருக்கும் மேலே, கால்ஷீட், லொகேஷன், பட்ஜெட் எல்லாம் பார்த்துப் பழம் தின்று கொட்டை போட்ட ஒரு டிவி ஆள் தலைமையில் இருக்க வேண்டும், அவர் காமிக்ஸே படிக்காதவராக இருந்தாலும் பரவாயில்லை.

முதல் எபிசோடின் முதல் காட்சியையும் நானே சொல்லிவிடுகிறேன், 'கோதம் சென்ட்ரலில்' இருப்பதுதான். பேட்மேன் என்று ஒருவன் இருப்பதைப் போலீஸ் அதிகாரபூர்வமாக ஒப்புக்கொள்ள முடியாது, அதனால் மொட்டைமாடியில் இருக்கும் அந்த வௌவால் விளக்கை எந்த அதிகாரியும் தொடக்கூடாது. தற்காலிக வேலைக்கு வந்த ஸ்டேஸி என்ற பெண்தான் படியேறிப் போய் அதைப் போட வேண்டும். ஒரு மாடி, ஒரு நடிகை, ஒரு விளக்கு. பேட்மேனுக்கு அன்று கால்ஷீட் கூட வாங்க வேண்டாம்.